விற்கக் கூடாத உலகப்படம்

பழமையான தேவாலயத்தைப் புதுப்பிக்க ஓவிய ஏலம் நடத்துவது நல்ல வழிதான். ஆனால் எதை ஏலம் விடுகிறோம் என்பதே முக்கியம். 1988-இல், பணமுடையில் தவித்த இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் பேராலயம் தன் ‘மாப்பா முண்டி’யை விற்க முன்வந்தது. ஒரே கன்றுத்தோலில், எருசலேமை நடுவில் வைத்து, 1300 வாக்கில் தீட்டிய உலகப்படம் அது. எதிர்ப்பு வலுத்தது, தேசிய மரபுரிமை நிதியமும் கொடையாளர் பால் கெட்டியும் கைகொடுக்க, படம் அங்கேயே தங்கியது. கூரை ஒழுகும்போது பொக்கிஷம் எதற்கு என்று கேட்கலாம். கூரையை மறுபடி வேயலாம். விற்ற படத்தை மீட்பது அரிது. இன்றைய ஓவியர்கள் மனமுவந்து தரும் படைப்புகளை ஏலம் விட்டால் கட்டடமும் பிழைக்கும், ஆலயத்தின் சொத்தும் குறையாது. ஒருமுறை வரும் பணம் போதாதுதான். அதனால் அதில் ஒரு பங்கை ஆண்டுப் பராமரிப்புக்கென ஒதுக்கியே ஆகவேண்டும்.