சிறு படகுக்கு எந்த ரேடார்?

ஏற்காட்டிற்குச் சென்றவர்கள் லேடிஸ் சீட் என்ற இடத்தில் நின்று சேலம் நகரைப் பார்த்திருப்பீர்கள். நகரம் முழுவதும் கண்ணில் படும். கீழே இறங்கிக் கடைவீதியில் நின்றாலோ அடுத்த தெருகூடத் தெரியாது. கண் அதே கண்தான். உயரம் மட்டுமே வேறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு ஏறக்குறைய 200 கி.மீ. தள்ளி வாழும் நமக்குப் படகும் ரேடாரும் எதற்கு என்று கேட்பீர்கள். என் வகுப்பில் நாகப்பட்டினம் பக்கத்து மாணவன் ஒருவன் படிக்கிறான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "சார், அப்பா விசைப்படகுக்கு ரேடார் வாங்கப் போகிறார். ஒன்று 2 கிலோவாட், இன்னொன்று 4 கிலோவாட். பெரியது 48 கடல் மைல் பார்க்குமாம். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். எது நல்லது என்று உங்களைக் கேட்கச் சொன்னார்" என்றான். பௌதிகம் படிப்பவனுக்கு இதைவிட நல்ல கணக்கு வேறு கிடைக்குமா? கரும்பலகைக்கே போய்விட்டோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுவோம். ரேடார் மீனைக் காட்டாது. அதன் அலைகள் கடல்நீரில் சில மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே அடங்கிப் போகும். மீன் கூட்டத்தைத் தேடுவது ஒலி அலையால் இயங்கும் வேறொரு கருவி. ரேடார் நீருக்கு மேலே இருப்பதை, அதாவது கப்பல், படகு, கரை, மழைமேகம் ஆகியவற்றைக் காட்டும்.

படகு ரேடாரின் அலை வினாடிக்குச் சுமார் 940 கோடி முறை அதிர்கிறது, அலைநீளம் 3.2 செ.மீ. இதைப் பிறப்பிக்கும் மாக்னெட்ரான் குழலின் நல்ல வடிவத்தை 1940-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் செய்து காட்டினர். இன்று சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் அதன் உறவுதான். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும். அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகிறது. போய்த் திரும்ப வேண்டுமல்லவா? ஆகவே ஒரு மைக்ரோ வினாடிக் காத்திருப்பு 150 மீட்டர் தூரத்தைக் குறிக்கும். 3 கி.மீ. தொலைவில் உள்ள கப்பலின் எதிரொலி 20 மைக்ரோ வினாடியில் வந்து சேரும்.

இனி கிலோவாட்டைப் பார்ப்போம். 4 கிலோவாட் என்பது துடிப்பு நீடிக்கும் அந்தக் கணநேரத் திறன் மட்டுமே. ஒரு மைக்ரோ வினாடித் துடிப்புகளை வினாடிக்கு 700 முறை அனுப்பினால் சராசரி 2.8 வாட்தான்! மேலும், அலை போகும்போது தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது, திரும்பும்போதும் அப்படியே. ஆக, எதிரொலி தூரத்தின் நான்மடிக்கு ஏற்பத் தேய்கிறது. இரு மடங்கு தூரம் பார்க்க 16 மடங்கு திறன் வேண்டும். திறனை 2-இலிருந்து 4 கிலோவாட்டாக உயர்த்தினால் தூரம் 1.19 மடங்குதான் கூடும். "இவ்வளவுதானா சார்?" என்று பையன் முகம் வாடிவிட்டது.

48 கடல் மைல் என்பது 89 கி.மீ. பூமி உருண்டை அல்லவா? லேடிஸ் சீட் இங்கேதான் உதவுகிறது. ரேடார் அலை சற்று வளைந்து செல்வதையும் சேர்த்து, எட்டும் தூரத்திற்கு எளிய சூத்திரம் உண்டு: ரேடார் உயரம், இலக்கின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.1-ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். படகில் ரேடார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 25 மீட்டர் உயரக் கப்பல் 28.7 கி.மீ.இல் தெரியத் தொடங்கும். ஒரு மீட்டர் உயரமே உள்ள சிறு படகு 12.3 கி.மீ.இல்தான். மீதித் தூரத்திற்குக் கொடுக்கும் பணம், மலையோ மேகமோ பார்க்கத்தான் பயன்படும்.

அப்படியானால் எதற்குப் பணம் கொடுக்கலாம்? ஆன்டெனாவின் அகலத்திற்கு. கற்றையின் விரிவு, அலைநீளத்தை ஆன்டெனா அகலத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிடைக்கும் பாகை. 45 செ.மீ. ஆன்டெனாவுக்கு 5 பாகை, 60 செ.மீ.க்கு 3.7, 120 செ.மீ.க்கு 1.9. 5 பாகைக் கற்றை 2 கி.மீ. தொலைவில் 174 மீட்டர் அகலம் விரிந்திருக்கும். அங்கே 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு படகுகள் அருகருகே நின்றால், திரையில் ஒரே புள்ளி! இடையே வழி இருப்பது தெரியாது. இருளில் துறைமுக வாய்க்குள் நுழைபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆனால் 120 செ.மீ. ஆன்டெனா சிறு படகின் உச்சியில் கனமாகச் சுழலும். ஆகவே 60 செ.மீ. நடுவழி. மாக்னெட்ரான் இல்லாத புதுவகைக் கருவிகள் குறைந்த திறனில் இயங்கி, அருகிலிருப்பதையும் நன்றாகக் காட்டுகின்றன. பேட்டரியையும் கணக்கிடுங்கள். 36 வாட் கருவி 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவுக்கு 30 ஆம்பியர்-மணி.

பையன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "சித்தப்பாவிடம் சின்ன பைபர் படகு இருக்கிறது. அவருக்கு எது சார்?" என்றான். அதற்கு விடை ரேடாரே அல்ல.

2018 ஆகஸ்ட் 7 அன்று விடியலுக்கு முன், முனம்பத்திலிருந்து சென்ற மீன்பிடிப் படகு ஒன்று கொச்சிக்கு அப்பால் கப்பல் மோதி உடைந்தது. படகிலிருந்த 14 பேரில் பெரும்பாலோர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். பெரிய கப்பல்களில் எல்லாம் ரேடார் உண்டு. ஆனால் பைபர் ரேடார் அலையைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். மரமும் சரியாகத் திருப்பாது. கடலலைகளின் எதிரொலிக் கூட்டத்தில் சிறு படகின் புள்ளி கரைந்து போகும். மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் வரும் கப்பல் 5 கி.மீ. கடக்கப் பதினொரு நிமிடம் கூட ஆகாது. வலை போட்டிருக்கும் படகு அதற்குள் விலக முடியுமா? கப்பல்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று உலோகத் தகடுகள் போதும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அறையின் மூலைபோல் இணைத்தால், எப்பக்கமிருந்து வரும் அலையும் மூன்று முறை பட்டு வந்த வழியே திரும்பும். மூன்று கண்ணாடித் துண்டுகளை இப்படி ஒட்டிப் பாருங்கள். தலையை எங்கே நகர்த்தினாலும் மூலையில் உங்கள் கண்ணே தெரியும். 30 செ.மீ. விளிம்புள்ள மூலை ஒன்று, 3.2 செ.மீ. அலைக்கு 33 சதுர மீட்டர் அளவுக்கு எதிரொலிக்கும். விளிம்பு 20 செ.மீ. ஆனால் 6.5 தான், இதிலும் நான்மடி விதியே! தகடுகள் சில பாகை சாய்ந்தாலும் பயன் போய்விடும் என்பதால் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். நம் சேலம் உருக்காலையில் தயாராகும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உப்புக்காற்றுக்கும் தாங்கும்.

மூன்று சதுரத் தகடுகளை வெட்டிக் கோத்தால் எட்டு மூலைகள் கிடைக்கும். மாணவன் விடுமுறையில் ஊருக்குப் போய் ஒன்று செய்து, கம்பத்தின் மேல் ஒரு முனையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். தொலைபேசியில் சொன்னான். அப்படியல்ல, ஒரு மூலைக் குழி வானம் பார்த்து, மழைநீரைப் பிடிக்கும் கிண்ணம்போல் நிற்க வேண்டும். அப்போதுதான் மற்றக் குழிகள் சுற்றிலும் கடலை நோக்கும் என்றேன். மறுநாள் மாற்றிக் கட்டிவிட்டார்களாம்.