மரம், மழலை, மருந்துத் தொட்டி: ஆய்வுப் படிப்பு எதற்கு?

"எம்.எஸ்.சி. முடித்தாயிற்று. இன்னும் ஐந்து வருடம் ஆராய்ச்சி என்று உட்கார்ந்தால் எப்போது சம்பாதிப்பது?" பட்டம் முடித்த பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் வாப்பாவும் உம்மாவும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. வீட்டுச் செலவும் கடனும் தங்கையின் திருமணமும் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனாலும், ஆராய்ச்சி என்று பிள்ளைகள் செய்யப்போவது என்ன என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் மூன்று துறைகளைப் பார்ப்போம்: பழைய மரத்தைக் காப்பது, குழந்தை நோயைத் தடுப்பது, மருந்து தயாராகும் தொட்டியைக் கண்காணிப்பது. கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கும் கேட்டை நேரத்தோடு கண்டுபிடிப்பதே இம்மூன்றிலும் ஆய்வாளரின் வேலை.

மரத்துக்குள் ஊறிய அமிலம்

சுவீடன் நாட்டின் 'வாசா' என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961-ல் அதை வெளியே எடுத்தார்கள். அந்தக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. அதனால் கப்பல் ஏறத்தாழ முழுமையாகவே கிடைத்தது.

ஆனால் நீரில் ஊறிய மரம் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். எனவே, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து 17 ஆண்டுகள் கப்பலின் மேல் தெளித்தார்கள். மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் அந்தப் பொருள் போய் நின்றது.

வேலை முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ஈரமான கோடையில் மரத்தின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாக உப்புப் பூத்தது. சோதித்துப் பார்த்தால், அது அமிலம்! நகரத்தின் கழிவு கலந்த துறைமுக நீரிலிருந்து கந்தகம் பல நூற்றாண்டுகளாக மரத்தில் ஏறியிருந்தது. துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் காற்றும் சேர்ந்து அந்தக் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றிக்கொண்டிருந்தன. மரத்துக்குள் ஏறத்தாழ 2 டன் கந்தகம் இருப்பதாக எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. 2002-ல் அந்த முடிவு வெளியானது.

அதன் பிறகு அருங்காட்சியகத்தின் காற்றில் ஈரப்பதத்தை ஒரே அளவில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். 5,000-க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்தினார்கள். கப்பல் எவ்வளவு சரிகிறது என்று இன்றும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள்.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

மரத்துக்கே இவ்வளவு கவனம் தேவை என்றால் பச்சிளம் குழந்தைக்கு எவ்வளவு தேவை?

கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸை 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். மின்னணு நுண்ணோக்கியில் சக்கரம் போலத் தெரிந்ததால், சக்கரம் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லே அதற்குப் பெயரானது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த வைரஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் குழந்தைகளின் உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது.

1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிடம் இந்த வைரஸின் ஒரு வகை இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு நோய் இல்லை. தொடர்ந்து கவனித்தபோது, பின்னாளில் ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கிலிருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பது தெரிந்தது. அந்த வகையிலிருந்தே 'ரோட்டாவேக்' சொட்டு மருந்து பிறந்தது.

டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2014-ல் வெளிவந்தன. 2016-ல் அது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. முதல் கவனிப்பிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 30 ஆண்டுகள்!

அவசரப்படாததற்குக் காரணம் உண்டு. 1998-ல் அமெரிக்காவில் வந்த வேறொரு ரோட்டா மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் பாதிப்பை ஏற்படுத்தியது. தொடர் கண்காணிப்பில் அது தெரியவந்ததும் மறு ஆண்டே அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 56 சதவீதம் குறைப்பதாக ரோட்டாவேக் சோதனை காட்டியது. எனவே பெற்றோர்கள் 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு தரும் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். அதைக் கொடுத்துவிட்டோம் என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். வேறு கிருமிகளாலும் வயிற்றுப்போக்கு வரும். அப்போது உப்பு-சர்க்கரைக் கரைசலும், மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையும் குழந்தையைக் காக்கும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் ஒளி

அந்தச் சொட்டு மருந்துக்கான வைரஸை உயிருள்ள செல்களில்தான் வளர்க்கிறார்கள். செல்களை வளர்த்துத் தயாரிக்கும் மருந்துகள் இன்று பல உண்டு. அவற்றுக்குப் பெரிய தொட்டிகள் தேவை. நம் உடலைப் போலவே அங்கும் ஏறத்தாழ 37 டிகிரி வெப்பம் வேண்டும். அமிலத் தன்மை, ஆக்சிஜன், குளுக்கோஸ் எதுவும் அளவு மாறக் கூடாது. மாறினால் செல்கள் சாகும். மொத்த மருந்தையும் கொட்ட வேண்டிவரும்.

கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வரும்போது நேரம் கடந்திருக்கும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கிருமி நுழையும் அபாயமும் உண்டு. அதனால் தொட்டிக்குள்ளேயே உணர்கருவிகளை வைத்து நொடிக்கு நொடி கவனிக்கிறார்கள். அதில் ஒரு முறை, லேசர் ஒளியை உள்ளே செலுத்தி, அது சிதறித் திரும்பும் விதத்திலிருந்து குளுக்கோஸ் எவ்வளவு என்று கணக்கிடுவது.

அந்தச் சிதறலுக்குப் பெயர் 'ராமன் விளைவு'. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கொல்கத்தாவில் கண்டுபிடித்தது; 1930-ல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. அன்று மருந்துத் தொட்டியும் இல்லை, லேசரும் இல்லை. அரசு நிதித்துறையில் நல்ல சம்பளத்தில் இருந்த ராமன், 1917-ல் அந்த வேலையை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குக் கொல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றவர்.

எல்லாப் பிள்ளைகளும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்பதில்லை. குடும்பச் சூழல் இடம் தராமலும் போகலாம். ஆனால் ஆர்வமும் பொறுமையும் உள்ள பிள்ளை வந்து கேட்டால், "எப்போது சம்பாதிப்பாய்?" என்பதோடு நிறுத்திவிடாமல், "எதைக் கண்டுபிடிக்கப் போகிறாய்? உதவித்தொகை கிடைக்குமா? வழிகாட்டும் பேராசிரியர் யார்?" என்றும் கேளுங்கள். ஜே.ஆர்.எஃப். போன்ற அரசுத் தேர்வுகளில் தேறினால் ஆய்வுக் காலத்திலேயே மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் சொல்லும் பிள்ளைக்குச் சில ஆண்டுகள் அவகாசம் கொடுங்கள். அந்த ஆய்வின் பலன், இன்ஷா அல்லாஹ், யாரோ ஒரு குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும்.