10 விநாடிக்காக ஒரு வாதம்!

சுவிட்சைப் போட்டால் விளக்கு உடனே எரிகிறது. கம்ப்யூட்டர் அப்படி அல்ல. சற்று நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் 10 விநாடியைக் குறைப்பதற்காக, மனித உயிரையே கணக்கில் காட்டி வாதாடினார் ஒருவர்!

1983-ம் ஆண்டு. அமெரிக்காவில் ‘ஆப்பிள்’ கம்பெனியார் ‘மெக்கின்டாஷ்’ என்ற புதிய கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டு இருந்தார்கள். அது வேலைக்குத் தயாராக 2 நிமிடம் பிடித்தது. சில சமயம் அதற்கு மேலும் ஆயிற்று.

ஏன் தாமதம்?

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் தன் நினைவகம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். பிறகு, ‘பிளாப்பி’ தகட்டில் உள்ள கட்டளைகளைப் படித்து நினைவகத்தில் ஏற்றும். அந்தத் தகட்டைப் படிப்பது மெதுவான வேலை. அதுவரை மனிதன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்!

கணக்கைப் பாருங்கள்!

ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்சுக்கு இது பிடிக்கவில்லை. என்ஜினீயர் லாரி கென்யனிடம் சென்றார். ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்றால் 10 விநாடியைக் குறைப்பீர்களா என்று கேட்டார்.

50 லட்சம் பேர் இதை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 விநாடி மிச்சமானால், தினமும் 5 கோடி விநாடி மிச்சம். அதாவது, ஒரே நாளில் 578 நாள் மிச்சம்! ஓர் ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால், பல மனிதர்களின் முழு ஆயுள்!

இந்த வாதம் வேலை செய்தது. இரண்டொரு மாதங்களில் 10 விநாடிக்கு மேலேயே குறைத்துக் காட்டினார்கள். 1984 ஜனவரி 24-ந் தேதி மெக்கின்டாஷ் வெளிவந்தது.

உங்கள் வீட்டில்...

இன்றும் சில கம்ப்யூட்டர்கள் சோம்பல் முறிக்கின்றன. காரணம் என்ன? பல புரோகிராம்கள், யாரும் கூப்பிடாமலே தாமாக எழுந்து வேலையைத் தொடங்குகின்றன. ‘விண்டோஸ்’ கம்ப்யூட்டரில் ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். வைரசைத் தடுக்கும் புரோகிராமை மட்டும் நிறுத்தக் கூடாது.

பழைய ‘ஹார்டு டிஸ்க்’கில் தகடு சுழல வேண்டும். ‘எஸ்.எஸ்.டி.’யில் சுழலும் பாகமே கிடையாது. படிக்கும் வேகம் அதிகம். பழையதை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால், நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காகிவிடும்.

மிச்சமாகும் விநாடி யாருடையது? உங்களுடைய ஆயுளில் ஒரு பகுதி அல்லவா!