மாத்திரை வந்தது, விளக்கம் வந்ததா?

மருந்துக்கு வழியில்லாமல் மக்கள் தவித்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தவிப்பு பெருமளவு தணிந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப் பெற்றது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்குமான மாத்திரை, நடக்கமாட்டாத முதியவரின் வாசலுக்கே வந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகும்வரை நடப்பதென்ன என்றும் பார்க்க வேண்டாமா?

வேளாவேளைக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பவர் யார்? டாக்டரா? இல்லை. ஆஸ்பத்திரியில் நர்சம்மா, வீட்டில் மகளோ, மருமகளோ, பள்ளிக்கூடம் போகும் பேரனோ. ஆண்டுக் கணக்கில் படித்த டாக்டரின் அறிவெல்லாம் கடைசியில் அந்தக் கையில்தான் வந்து நிற்கிறது. அந்தக் கைக்கு நாம் தந்திருக்கும் வழிகாட்டி என்ன? அட்டையிலே பொடி எழுத்து ஆங்கிலம். சீட்டிலே ‘பி.டி.’, ‘எச்.எஸ்.’, ‘எஸ்.ஓ.எஸ்.’ இவை ஆங்கிலங்கூட அல்ல. லத்தீன் சொற்களின் தலையெழுத்துகள்! ரோமாபுரியிலேயே வீட்டில் பேச ஆளில்லாத மொழி, நம் ஊர்ப் பாட்டி இரவு படுக்குமுன் எதை விழுங்குவது என்று கட்டளையிடுகிறது. யாருடைய தலையெழுத்து இது?

அன்றாடம் நடப்பதைச் சொல்லுகிறோம். அரசு மருத்துவமனையில் கொதிப்புக்கு அம்லோடிபின் தருகிறார்கள். விடுமுறைக்கு வந்த மகன், தாயைத் தனியார் டாக்டரிடம் அழைத்துப் போகிறான். அவரும் அதே அம்லோடிபினை ஒரு கம்பெனி சூட்டிய பெயரில் எழுதித் தருகிறார். வீட்டில் இப்போது இரண்டு அட்டை. பெயர் வேறு, நிறம் வேறு. மருந்தும் வேறு என்றுதானே எண்ணுவார்கள்? இரண்டும் உள்ளே போகின்றன. காலில் வீக்கம்; எழுந்தால் தலைசுற்றல்; குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ‘வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்’ என்று ஊர் பேசிக் கலையும். மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டுமென்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. விதி திருந்தியது, பல கையெழுத்துகள் திருந்தவில்லை.

இன்சுலின் விவகாரம் இன்னும் பொல்லாதது. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா ஊசிக்கு வருவது 100 யூனிட். ஊசிக்குழலும் இருவகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய குழலில் 10-ஆம் கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 10 அல்ல, 25! வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்து, கால்மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 108-ஐ அழைக்க வேண்டும். மாற்றம் எதிர்ப்பக்கமாக நேர்ந்தாலோ, 10-க்குப் பதில் 4-தான் போகும். சர்க்கரை இறங்காது, காரணம் தெரியாத டாக்டர் அளவைக் கூட்டுவார். சிவப்பா, ஆரஞ்சா என்று காட்டிக் கொடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் யாரிடம் இருக்கிறது?

நர்சம்மாவிடம் இல்லை. அவர்மீது பாய்வதற்கு நாம் இதை எழுதவில்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பார்த்தே கொடுக்க வேண்டுமென்று அவர் படித்துத்தான் வந்திருக்கிறார். ஆனால் மருந்தை எண்ணும்போதே ஒருவர் ‘சிஸ்டர், பாட்டில் தீர்ந்துவிட்டது’ என்பார். இன்னொருவர் டிஸ்சார்ஜ் சீட்டு கேட்பார். டெலிபோன் மணியும் அடிக்கும். படுத்த படுக்கையாயிருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வரும். அதுவும் அவர் வேலைதான். எத்தனை கை வேண்டும் அவருக்கு? தவிர்க்கக்கூடிய கடும் மருந்துக் கேடுகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைப்போமென்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அறைகூவல் விடுத்தது. ஆட்களைக் கூட்டாமல் அறைகூவலை மட்டும் சுவரில் ஒட்டி என்ன பயன்?

நாம் கேட்பது பெரிதல்ல. மருந்து தரும் காகித உறைமீது தமிழில் நான்கு செய்தி: மருந்தின் பெயர், எந்த நோய்க்கு, எத்தனை, எப்போது. படிக்கத் தெரியாதவர்க்குக் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. செலவாகும் என்பாரோ? ஒரு ரப்பர் முத்திரையின் விலை என்ன, ஓர் இடுப்பெலும்பின் விலை என்ன? கொடுப்பவர் சொல்லி முடித்ததும், ‘எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் அம்மா’ என்று கேட்கட்டும். கடைக்காரர் நாலு மாத்திரைக்காக அட்டையைக் கத்தரித்து, பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத துண்டைத் தருவது நிற்கட்டும்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் தருகிறார்களே, அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் உண்பது. தினம் தின்றால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், உயிரே போகலாம். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் அதேபோல் மஞ்சள் நிறத்தில் வருவதுண்டு. அந்த உறைமீது ‘வாரம் ஒருமுறை’ என்பதோடு விடாமல், ‘வியாழன்’ என்று கிழமையின் பெயரையே தமிழில் எழுதிக் கொடுங்கள்.