பனிமுகிலும் நுண்ணலையும்

இடியுடன் எழும் கார்முகிலின் உச்சி, தரைக்கு மேல் 15 கிலோமீட்டரையும் கடந்து நிற்பதுண்டு. அடியிலிருந்து பொழிவது மழைநீரே எனினும், அம்முகிலின் மேற்பகுதி பனித்துகள்களால் ஆயது. ஆங்குக் குளிர் உறைநிலைக்குக் கீழே 70 பாகை சென்டிகிரேடு வரை செல்லும். ஆயினும், நுண்ணலைக் கருவியால் நோக்கும் செயற்கைக்கோளுக்கு அதே முகில் உறைநிலைக்குக் கீழே 100 பாகையினும் மிக்க குளிருடையதாகத் தோன்றுவதுண்டு. மழைமுகில் எட்டும் உயரத்தில் அத்துணைக் குளிர் மிக அரிது. பின் இஃது எவ்வாறு நேர்கிறது?

வெப்பமுடைய பொருள் ஒவ்வொன்றும் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. நிலமும் கடலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணலைகளையும் சிறிதளவு வெளிவிடுகின்றன. செயற்கைக்கோள் அவற்றை ஏற்று, அவற்றின் வலிமையைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கிறது. பனித்துகள்கள் இவ்வலைகளை உட்கவர்வது மிகக் குறைவு. ஆனால் நாற்புறமும் சிதறச் செய்கின்றன. மேல்நோக்கி வந்த அலைகளில் பெரும்பகுதி கீழும் பக்கமுமாகத் திரும்பிவிடுகிறது. அக்குறையை ஈடுசெய்ய வான்வெளியிலிருந்து வருவதோ மிகமிகச் சிறிது. ஆதலின் முகில் தன் உண்மைக் குளிரினும் மிக்க குளிருடையதாகக் காணப்படுகிறது.

எல்லா அலைகளும் ஒரே அளவில் சிதறுவதில்லை. துகள் அலைநீளத்தினும் மிகச் சிறிதாயின், அலைநீளம் பாதியாகும்போது சிதறல் 16 மடங்காகும். வானத்தின் நீல நிறத்திற்கும் இவ்விதியே காரணம். பல சென்டிமீட்டர் நீளமுள்ள அலை பனிமுகிலைப் பெரும்பாலும் தடையின்றிக் கடந்துவிடும். 3 மில்லிமீட்டர் அலையோ, பனியுருண்டைகள் நிறைந்த இடிமுகிலில் சிக்கிக்கொள்ளும்.

இந்தியாவும் பிரான்சும் இணைந்து 2011 அக்டோபர் 12ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மேகா-ட்ராபிக்ஸ் செயற்கைக்கோளில், காற்றின் ஈரத்தை அளக்கும் நுண்ணலைக் கருவி ஒன்று இருந்தது. ஈரம் மிகுந்தாலும் அதனை அடையும் அலை குறையும். பனி சிதறடித்தாலும் குறையும். அடர்ந்த பனிமுகில் உள்ள இடங்களைக் கண்டு ஒதுக்காவிடின், ஈரத்தின் கணக்குப் பிழைபடும்.

மழையை அளப்போர்க்கோ இச்சிதறலே பெருந்துணை. கடல் நுண்ணலையை மங்கலாகவே வீசுவதால், அதன்மேல் மழைத்துளிகளின் கதிர் எடுப்பாகத் தெரியும். நிலம் தானே மிகுதியாக வீசுவதால், துளிகளின் கதிர் அதனுள் மறைந்துபோகும். ஆங்கு மழையின் இருப்பை உணர்த்துவது உச்சியிலுள்ள பனியே. ஆனால் பனி மிகுதியாக உருவாகாத தாழ்ந்த முகில்களும் பெருமழை பொழிவதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாள்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் இத்தகைய மழை பெய்யும். அதனை விண்ணிலுள்ள கருவி குறைத்தே மதிப்பிடும். மலைச்சரிவில் நாட்டிய மழைமானிகளே அதன் உண்மை அளவைக் காட்டும்.