பெயரிற் படாத நோய்க்குறி

ஒரு நோய்க்குப் பல பெயர் வழங்குமாயின், அது மக்களிடை நெடுங்காலம் பழகிய நோய் என்பது தெளிவு. ஆஸ்துமா என மருத்துவர் கூறும் நோயை நம்மவர் ஈளை, இரைப்பு, இழுப்பு, முட்டு, தொய்வு எனப் பலவாறு வழங்குவர். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியைச் சுட்டி நிற்றல் நோக்கற்பாலது. ஈளை நெஞ்சிற் கட்டும் கோழையைக் காட்டும். இரைப்பு மூச்சோடு எழும் ஒலியைக் காட்டும். இழுப்பு மூச்சை வலிந்து வாங்குதலையும், முட்டு காற்றுவழி அடைபடுதலையும், தொய்வு அதனால் உடல் சோர்தலையும் காட்டும். கிரேக்க மொழியில் ஆஸ்துமா என்பதன் பொருளும் மூச்சுத் திணறலே.

இனி, உள்ளே நிகழ்வது யாது? மூச்சுக்குழல்களைச் சூழ்ந்த தசை இறுகுகின்றது, உட்சவ்வு வீங்குகின்றது, கோழை மிகுகின்றது. இம்மூன்றாலும் வழி ஒடுங்குகின்றது. மூச்சை வெளிவிடும்போது குழல்கள் இயல்பாகவே சிறிது சுருங்குமாதலின், உள்வாங்குதலினும் வெளிவிடுதலே குழந்தைக்குப் பெருந்துன்பமாகின்றது.

ஆயின், மேற்கூறிய பெயர்களுள் எதனினும் அடங்காத குறி ஒன்றுண்டு. அது வறட்டிருமல். சில குழந்தைகளிடத்து இரைப்பொலி வெளிப்படக் கேளாது. பின்னிரவிலும் விடியற்காலையிலும் இருமல் மட்டும் வந்து உறக்கத்தைக் கெடுக்கும். ஓடியாடிய பின்னும், வாய்விட்டுச் சிரித்த பின்னும், குளிர்காற்றுப் பட்ட பின்னும் அது தோன்றும். தடிமன் வந்தால் நெஞ்சில் இறங்கிப் பல நாள் நீடிக்கும். நுளம்புத்திரிப் புகை, அடுப்புப் புகை, தூசி ஆகியனவும் அதனைத் தூண்டும். பெற்றோருக்குத் தொய்வோ, குழந்தைக்குத் தோற்கரப்பனோ இருப்பின் ஐயம் வலுப்பெறும். எனினும் இருமலெல்லாம் ஆஸ்துமா ஆகா. விளையாடிய குழந்தைக்குத் திடீரென மூச்சு முட்டின், கச்சானோ புளியங்கொட்டையோ புரையேறியிருத்தலுங் கூடும். ஆதலின் துணிதல் மருத்துவர் கடன். கண்டு அனுப்புதல் நம் கடன்.

வகுப்பில் உறங்கி விழும் மாணவனும், மைதானத்தில் ஒதுங்கி நிற்கும் மாணவியும் சோம்பர் எனப்படுவது எளிது. இரவெல்லாம் இருமியவன் பகலில் உறங்குதல் குற்றமாகுமா? ஆசிரியர் கடிந்துரைப்பதற்கு முன், 'இரவில் இருமல் உண்டா?' என ஒரு வினா வினவுதல் நன்று.

மற்றொரு தடை பெற்றோரிடத்து உள்ளது. 'பம்ப் பழகினால் விடாது' என அஞ்சுவோரும், பெண்பிள்ளையின் நோயை மறைப்போரும் பலர். உறிஞ்சு மருந்து நேரே மூச்சுக்குழலை அடைவதால் மிகச் சிறிய அளவே போதும். அது அடிமைப்படுத்துவதும் அன்று. 1956 இல் அளவிட்டு வெளிவிடும் கருவி வழக்குக்கு வந்த பின்னரே இவ்வசதி எளிதாயிற்று. நோயோ தொற்றுவதன்று; உடனிருக்கும் பிள்ளை அஞ்ச வேண்டுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. பேசவொண்ணாது திணறுதல், விலாவிடை குழிதல், உதடு நீலம்பாரித்தல் ஆகியன கண்டால், குழந்தையைப் படுக்க வைக்காது நிமிர்த்தி இருத்தி, மருத்துவர் முன்னரே பணித்த உறிஞ்சு மருந்தைக் கொடுத்து, உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். திணறல் நீங்காதிருக்க இரைப்பொலி மட்டும் அடங்குமாயின், அதனை நலமென்று கொள்ளற்க. காற்றுச் செல்லாமையே அம்மௌனத்தின் பொருள்.

பிள்ளைகளின் சொல்லைத் திருத்தப் பழகிய நம் செவி, அவர்தம் மூச்சையும் சிறிது கேட்கப் பழகுக.