அமிலம் குறைந்தாலும் குற்றமே!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல்)

விடுதி மாணவர் எவரிடமாவது, "வயிறு சரியில்லை" என்று சொல்லிப் பாருங்கள். "ஆசிட் அதிகமாயிருக்கும், ஒரு மாத்திரை போடு" என்ற மறுமொழி உடனே வரும். அமிலம் மிகுவதைப் பற்றிக் கவலைப்படும் நாம், அது குறைவதைப் பற்றி எண்ணுவதே இல்லை. விலங்கியல் பயில்பவன் என்ற முறையில் அதுபற்றிச் சில கூற விழைகிறேன்.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று 1824-இல் வெளியிட்டவர் வில்லியம் பிரௌட் என்ற ஆங்கில மருத்துவர். செரிமானத்தைக் கண்ணாரக் கண்டவரோ அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட். 1822-இல் குண்டடிபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் மூடாத துளை ஒன்று நிலைத்துவிட்டது. உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே இறக்கி, அவை கரைவதைப் போமாண்ட் ஆராய்ந்தார்.

இவ்வமிலத்தின் பணிகள் மூன்று. பெப்சின் என்ற நொதியைச் செயற்படச் செய்து புரதத்தைச் செரிக்க வைக்கிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்கிறது. இரும்புச் சத்தும் பி-12 வைட்டமினும் உடலில் சேர உதவுகிறது.

இது ஏன் குறைகிறது? ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா பல்லாண்டுகள் தங்கி இரைப்பைச் சுவரை நலிவுறச் செய்யலாம். இதனைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். உடலின் தற்காப்பு ஆற்றலே அமிலம் சுரக்கும் செல்களைத் தாக்குவதும் உண்டு. ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை நெடுநாள் உண்பது மற்றொரு காரணம்.

உண்டபின் வயிற்று உப்புசம், ஏப்பம், சிறிது உண்டாலும் நிறைந்துவிட்ட உணர்வு ஆகியவை அறிகுறிகள். ஆனால் வேறு வயிற்றுக் கோளாறுகளிலும் இவை தோன்றும் என்பதே சிக்கல். சமையல் சோடாவைக் கரைத்துக் குடித்து ஏப்பம் வரும் நேரத்தை எண்ணும் சோதனையும் நம்பத்தக்கதன்று.

என் பாட்டி ஆண்டுக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை உண்டு வந்தார். களைப்பு, நாக்கெரிச்சல், பாதங்களில் மரமரப்பு எல்லாவற்றையும் "வயசாச்சு" என்று ஒதுக்கிவிட்டார். இரத்தப் பரிசோதனையில் பி-12 குறைவு தெரிந்தது. ஊசி மருந்தால் களைப்பு நீங்கியது. பாத மரப்பு முழுதும் அகலவில்லை. நரம்புக்கு நேர்ந்த கேடு நாட்பட்டால் மீளாமலும் போகும்.

இயற்கையாக நாம் செய்யக்கூடியவை என்ன? உணவைக் காண்பதும் முகர்வதுமே இரைப்பைச் சுரப்பைத் தூண்டும் என்று நாய்களிடம் நிறுவியவர், 1904-இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ். ஆகவே புத்தகத்தையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்து, மென்று, நிதானமாக உண்போம். முன் உண்டது செரித்தபின் உண்ணச் சொல்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். கீரை, பயறுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு சேரும். இஞ்சித் துவையல் மந்தத்தைச் சற்றே தணிக்கும். அழிந்த செல்களை உயிர்ப்பிக்காது. புண்ணுள்ள வயிற்றில் வினிகர் எரிச்சலையே கூட்டும்.

மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், தராத மாத்திரையைத் தாமாகத் தொடர்வதும் ஒருசேரத் தவறு. மந்தம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கருத்தாலோ மருத்துவரை நாடுங்கள். மிகுதியா குறைவா என்பதைப் பரிசோதனை சொல்லட்டும். பக்கத்து அறை நண்பர் சொல்ல வேண்டா!